டெஸ் சொல்லாத வசனம்

ஆறு வருஷமாக லாரா டேன் பார்த்துவந்த வேலை, ஒரு மரக்கதவின் பக்கத்தில் நின்று "பாத்துப் போங்க, மார்ஷல்" என்று சொல்வதுதான். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் பாதி அமெரிக்கா தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அவள் அதைச் சொல்வதைக் கேட்டது. தொடரில் அவள் பெயர் டெஸ். புழுதி பறக்கும் ஓர் எல்லைப்புற ஊரில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவள். ஊர்க்காவல் அதிகாரியான மார்ஷல் வருவார், காபி குடிப்பார், துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்புவார். இவள் கதவருகில் நிற்பாள். எப்போதாவது கொள்ளைக்காரர்கள் இவளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர் மீட்டு வருவார். மறுவாரம் மறுபடியும் காபி.

லாரா டேன் என்பது ஸ்டுடியோ வைத்த பெயர். நெப்ராஸ்காவில் ஒரு சோளப்பண்ணையில் பிறந்தபோது வைத்த பெயர் ஓப்பல் க்ரம்ஹோல்ட்ஸ். எட்டு வயதில் சேணமில்லாத குதிரையில் ஏறி வேலி தாண்டியவள். அப்படிப்பட்டவளை ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடக் குதிரையில் ஏற்றவில்லை. மார்ஷலாக நடித்த ராய்ஸ் கென்டலுக்கோ குதிரை என்றாலே உள்ளூர நடுக்கம். ஏறுவதற்கு அவருக்கு ஏணி வைக்க வேண்டும். ஏணி படத்தில் விழாமல் இருக்கக் கேமராவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பார்கள்.

1962 வசந்தத்தில் ஒருநாள், மதியச் சாப்பாட்டின்போது, கதை எழுதும் சால் மிண்ட்லினிடம் அவள் கேட்டாள். முதல் வருஷத்திலிருந்தே தொடருக்கு எழுதுகிறவர். அவளுக்கு நண்பர் என்று அந்த இடத்தில் ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

"சால், ஒரே ஒரு கதை. டெஸ் கதவைத் தாண்டி வெளிய போற மாதிரி ஒண்ணு எழுதேன்."

"வெளிய போய் என்ன பண்ணுவா?"

"மார்ஷல் என்ன பண்றாரோ அதை. ஏணி இல்லாம."

சால் சிரித்துவிட்டார். சாண்ட்விச்சின் ஓரத்தைப் பிய்த்தார். "மேல கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. தயாரிப்பாளர் வென்டல் ப்ரூயிட் சம்மதித்துவிட்டார். கதை இதுதான்: மார்ஷல் காயம்பட்டுக் கிடக்கிறார், ஊர் ஆண்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், டெஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மூன்று கொள்ளைக்காரர்களைத் தேடித் தனியாகப் போகிறாள்.

மறுநாள் ஒப்பனை போடும்போது லாரா விஷயத்தைச் சொன்னாள். ஒப்பனைக்காரி இனெஸ் பராகான் கையை நிறுத்தி, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள்.

"வேற தொப்பி குடுங்கன்னு மூணு வருஷமாக் கேட்டே, குடுக்கல. இப்போ முழுக் கதையும் தூக்கிக் குடுக்கறாங்களா?"

"மனசு மாறியிருக்கலாம் இல்லையா?"

"வென்டலுக்கா?" என்று கேட்டுவிட்டு இனெஸ் பவுடரைப் பூச ஆரம்பித்தாள்.

படப்பிடிப்பு ஆறு நாள். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே, மலையடிவாரத்தில் ஸ்டுடியோவின் பண்ணை. முதல் ஐந்து நாளும் லாராவுக்குத் தரையில் கால் பாவவில்லை. தனக்குப் பதிலாகச் சவாரி செய்ய வந்த ஆளை உட்காரச் சொல்லிவிட்டு அவளே ஏறினாள். பாறைச் சரிவில் குதிரையை ஓட்டி இறக்கினாள். ஓடுகிற குதிரைமேல் இருந்தபடி துப்பாக்கியில் தோட்டா போட்டாள். ஐந்தாம் நாள் மதியம், ஓடையைத் தாண்டி வந்து குதிரையை நிறுத்தியபோது, விளக்குக்காரர்களும் தச்சர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தொடை முழுக்கச் சிராய்ப்பு. அன்றைக்கு வீட்டில் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து, எரிகிற காலைப் பார்த்துத் தானாகச் சிரித்தாள்.

ஆறாம் நாள் காலை, ஒப்பனை நாற்காலியில் இருந்தபோது, ரோஜா நிறத்தில் நான்கு தாள்கள் வந்தன. கதையில் ஏதாவது மாற்றினால் நிறத்தாளில் வரும். அது வழக்கம்தான். லாரா வாசித்தாள். இரண்டாம் தடவையும் வாசித்துவிட்டுத் தாளை இனெஸிடம் கொடுத்தாள்.

மூன்றாவது கொள்ளைக்காரன் பின்னாலிருந்து சுடுகிறான். காயத்தோடு எழுந்து வந்த மார்ஷல் அவனைக் கொல்கிறார். டெஸ் அவர் மடியில் சாகிறாள். சாகும்போது சொல்கிறாள்: "நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு எந்தப் பயமும் இல்ல. எப்பவும் உங்க பின்னாலயே நிக்கணும்னுதான் ஆசைப்பட்டேன்."

லாரா பாதி ஒப்பனையோடு எழுந்து போனாள். காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் சால் நின்றிருந்தார். அவள் வருவதைப் பார்த்ததும் கையிலிருந்த காகிதக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"லாரா, கொஞ்சம் உக்காரு."

"நான் கதை கேட்டனே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. ஜனவரியிலயே முடிவு பண்ணிட்டாங்க. விளம்பரம் குடுக்கற கம்பெனிக்கு வயசு கம்மியா ஒரு பொண்ணு வேணுமாம். உனக்கு முப்பத்தாறு ஆகுதுன்னு..."

"ராய்ஸுக்கு அம்பத்தொண்ணு."

"அவன் மார்ஷல்" என்றார் சால். சொன்ன பிறகு அவருக்கே அது எப்படி இருந்ததோ, தரையைப் பார்த்தார். "சும்மா அனுப்பறதா இருந்தாங்க. நான்தான் சண்டை போட்டேன். போறதுன்னா நல்ல கதையோட போகட்டும்னு. நீயும் வந்து அதையே கேட்டே. எனக்குச் சொல்ல வாய் வரல."

"அந்தக் கடைசி வசனம் யாரு எழுதினது? வென்டலா?"

சால் காகிதக் கோப்பையை மறுபடி கையில் எடுத்தார்.

"யாரு?"

"நான்தான்."

மற்றதையெல்லாம்கூட அவளால் விழுங்க முடிந்திருக்கும். அதை மட்டும் முடியவில்லை.

சாவுக் காட்சியைச் சாயங்காலம் கடைசியாக வைத்திருந்தார்கள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் எடுத்தாக வேண்டும். கண்ணீர் வருவதற்காக இனெஸ் ராய்ஸின் கண்ணருகில் மெந்தால் தடவினாள். லாரா அவர் மடியில் தலைவைத்துப் படுத்தாள். அவர் குனிந்து, உதடு அசையாமல் சொன்னார்: "சத்தியமா எனக்கும் நேத்துதான் தெரியும், பொண்ணே."

ராய்ஸ் சம்மதிக்காமல் அந்தத் தொடரில் ஒரு வரிகூடப் படமாகாது. அது ஒப்பந்தத்திலேயே இருந்தது. எல்லாருக்கும் தெரியும்.

கேமரா ஓடியது. ராய்ஸ் அழுதார். லாரா வாயைத் திறக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராய்ஸ் காத்துக் காத்துப் பார்த்துவிட்டுத் தன் வசனத்தைச் சொன்னார். அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி, மலையைப் பார்த்தபடி, கண் திறந்தவாறே செத்துப்போனாள்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அப்படியே செத்தாள். வென்டல் ப்ரூயிட் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"வசனத்தைச் சொல்லு, லாரா."

"சுட்டது முதுகுல, வென்டல். மூச்சே இல்ல. எங்கேர்ந்து பேசுவா?"

"வெளிச்சம் போகுது. விளையாடாத."

"ஆறு வருஷம் நீங்க சொன்னதையெல்லாம் சொன்னா. இப்போ செத்துட்டா. விடுங்க."

வெளிச்சம் போய்விட்டது. லாரா எழுந்து பாவாடையில் ஒட்டிய புழுதியைத் தட்டினாள். தொப்பியை இனெஸ் கையில் கொடுத்துவிட்டுக் காருக்கு நடந்தாள். யாரும் வழியனுப்ப வரவில்லை. அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. அவர்கள் நினைத்த சாவை அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்ற ஒரு நிறைவு இருந்தது. மூன்று வாரம் அந்த நிறைவிலேயே சாப்பிட்டாள், தூங்கினாள்.

ஒளிபரப்பான சனிக்கிழமை, இனெஸ் ஒரு துணியில் தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டையைச் சுற்றிக்கொண்டு லாராவின் வீட்டுக்கு வந்தாள். இருவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பாறைச் சரிவில் குதிரை இறங்கும் காட்சி வந்தபோது இனெஸ் அவள் தோளில் தட்டினாள். பிறகு துப்பாக்கிச் சத்தம். மார்ஷல் ஓடி வருகிறார். அவர் மடியில் ஒரு பெண்ணின் பின்தலை. கேமரா அந்தத் தலைக்குப் பின்னால் இருந்துகொண்டு ராய்ஸின் அழுகிற முகத்தை மட்டும் காட்டியது.

அப்போது டெஸ் பேசினாள். லாராவின் அதே கரகரத்த குரல், வாக்கியத்தின் கடைசியில் கொஞ்சம் இறங்குகிற அதே வழக்கம். முழு வசனத்தையும், ஒரு சொல் விடாமல், மூச்சு வாங்கி மூச்சு வாங்கிச் சொன்னாள்.

இனெஸ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"அது நான் இல்ல" என்றாள் லாரா.

"தெரியும். அந்தத் தலைமுடியும் உன்னுது இல்ல. பழைய விக்கு, நான்தான் போன வருஷம் சீவி வெச்சேன்."

ரசிகர்களின் கடிதங்கள் ஸ்டுடியோவுக்குச் சாக்குச் சாக்காக வந்தன. நடிகர் சங்கத்தில் லாரா முறையிட்டாள். அங்கே ஒருவர் மரியாதையாக ஒப்பந்தத்தைத் திறந்து, குரலை மாற்றிக்கொள்ள ஸ்டுடியோவுக்கு உரிமை தரும் இடத்தை விரலால் காட்டினார். அந்த வருஷம் ராய்ஸுக்கு விருது கிடைத்தது. மேடையில் அவர் டெஸ்ஸுக்கு நன்றி சொன்னார். லாராவின் பெயரைச் சொல்லவில்லை. வென்டலும் சும்மா இருக்கவில்லை. அவள் படப்பிடிப்பில் முரண்டு பிடிக்கிறவள் என்று ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் பேச்சு பரவியது. கிடைத்ததெல்லாம் தரை துடைக்கும் சோப்பு விளம்பரம் இரண்டு. கடைசியில் பர்பேங்க்கில் ஒரு லாயத்தில் சவாரி கற்றுக்கொடுக்கும் வேலைக்குப் போனாள்.

ஜனங்கள் மட்டும் அவளை விடவில்லை. கடையில், வங்கியில், பல் மருத்துவர் வீட்டு வாசலில் நிறுத்தி அந்த வசனத்தை அவளிடமே சொல்வார்கள். சொல்லும்போது சிலருக்குக் கண் கலங்கும். கன்சாஸிலிருந்து வந்த ஒரு கிழவர், அதை மனைவியின் கல்லறைக் கல்லில் பொறித்திருப்பதாகச் சொன்னார். முதலில் சில நாள் "நான் அதைச் சொல்லவே இல்லீங்க" என்று விளக்கிப் பார்த்தாள். அவர்கள் முகம் சுருங்கிப்போகும், நன்றி கெட்டவளைப் பார்ப்பதுபோல. பிறகு "ரொம்ப நன்றி" என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

ஐந்து வருஷம் கழித்து, ஒரு காலை, லாயத்துக்கு ஒரு பெண் வந்து நின்றாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் லாராவுக்கு அடையாளம் தெரிந்தது. கெயில் ஆஸ்ட்ராண்டர். டெஸ் போன பிறகு அதே கடைக்கு முதலாளியாக, அதே கதவருகில் நிற்க வந்தவள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் குரல் என்னோடது."

லாரா குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.

"உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு சொன்னாங்க. எனக்கு அதுதான் பரிட்சை. நல்லாச் சொன்னா வேஷம் உனக்குன்னு. ஒரு வாரம் உங்க பழைய காட்சியெல்லாம் போட்டுப் போட்டுக் கேட்டேன்."

"நல்லாதான் சொன்னே. எங்கம்மாகூட நம்பிட்டாங்க." லாரா பிரஷ்ஷை மாற்றினாள். "அஞ்சு வருஷம் தோணாதது இன்னிக்கு ஏன் தோணுச்சு?"

"என்னையும் நிறுத்திட்டாங்க."

இந்தச் செய்தி காதில் விழும் நாளுக்காக லாரா எவ்வளவோ காத்திருந்தாள். எப்படியெல்லாம் சந்தோஷப்படுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். இப்போது ஒன்றும் வரவில்லை.

"உன்னை எப்படிக் கொன்னாங்க?"

"கொல்லல. ஒருத்தன் மார்ஷல்கிட்ட 'கடைக்காரப் பொண்ணு எங்கே'ன்னு கேக்கறான். அவரு 'செயின்ட் லூயிஸ்ல அத்தை வீட்டுக்குப் போயிட்டா'ங்கறாரு. அவ்வளவுதான். என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. நான் வீட்ல உக்காந்து டிவியிலதான் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"அத்தை பேரு என்னவாம்?"

"பேரு வைக்கல."

லாரா சிரித்தாள். கெயில் சிரிக்கவில்லை. "உங்களையாவது சாக விட்டாங்க" என்றாள்.

அடித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது லாராவுக்கு. ஆனால் அந்தப் பெண் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, பொறாமையோடு சொன்னாள். அதைக் கேட்கத்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கெயிலுக்கு ஒரு யோசனை இருந்தது. இருவரும் சேர்ந்து ஒரு பத்திரிகையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். குரல், ரோஜா நிறத் தாள், ஏணி, எல்லாம். லாரா வேண்டாம் என்றாள். இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டுச் சரி என்றாள். லாயத்துக்குப் பக்கத்துக் காபிக் கடையில் ஒரு நிருபர் வந்து உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் எழுதிக்கொண்டார். நடுவில் ஒரு தடவை பேனாவை வைத்துவிட்டு "இது அநியாயம்" என்றுகூடச் சொன்னார்.

ஒரு மாதம் போயிற்று. மளிகைக் கடையில் வரிசையில் நின்றபோது லாரா அந்தப் பத்திரிகையைப் பார்த்தாள். அட்டை முழுக்க ராய்ஸ், தொப்பியோடு. கீழே தலைப்பு: "மார்ஷலுக்காக இன்னும் ஏங்கும் இரண்டு பெண்கள்." உள்ளே அவள் படமும் கெயில் படமும் எதிரெதிராக, சண்டைக்கு நிற்பதுபோல. அவருடைய அன்பு கிடைக்காத கசப்பில் ஒருத்தி வசனம் பேச மறுத்தாளாம். அந்த இடத்தைப் பிடிக்க இன்னொருத்தி குரலைத் திருடினாளாம். ஏணியைப் பற்றி ஒரு வரி இல்லை. பழைய காயத்தோடும் சொந்தமாகச் சவாரி செய்கிறவர் என்று ராய்ஸைப் பற்றி ஒரு பத்தி இருந்தது.

நின்றபடியே கடைசிவரை படித்தாள். முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, அட்டையைப் பார்த்து, மறுபடி அவளைப் பார்த்தாள். வாய் திறக்கப் போகிறாள் என்று தெரிந்தது. லாரா பத்திரிகையை அதன் அடுக்கில் திருப்பி வைத்தாள், பாலுக்கும் ரொட்டிக்கும் காசு கொடுத்தாள், வெளியே வந்தாள். பதினோரு மணிக்கு லாடம் அடிக்க ஆள் வருவான். நொண்டுகிற குதிரை ஒன்றை அதற்குள் பிடித்துக் கட்ட வேண்டியிருந்தது.