யாரைக் கேட்டு வைத்தீர்கள்?

பேருந்து ஜன்னல் வழியாகத் தன் கணவரின் முகத்தைப் பார்த்தாள் ஷிஜா. கத்தோலிக்கப் பங்குக் கோயில் வாசலில் ஆளுயரப் பிளெக்ஸில் இரண்டு ஜெபசிங்குகள். இடப்பக்கம் சாக்கடை ஓரம் வேட்டி அவிழ்ந்து கிடந்தார். வலப்பக்கம் தலை சீவிச் சிரித்தார். மேலே 'போதையிலிருந்து விடுதலை'. கீழே பெயர், ஊர், பங்கின் பொன்விழா அழைப்பு.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள். வேலைக்குப் போகிற நினைப்பே போய்விட்டது.

சாக்கடைப் படத்தை எடுத்தது அவள்தான். போன வருஷம், கோயிலோடு சேர்ந்த மறுவாழ்வு மையத்துக்கு அழைத்துப் போன அன்று, ஜெபசிங் தான் குடிப்பதே இல்லை என்று சாதித்தார். அதனால் அந்தப் படத்தை மையத்தை நடத்தும் சிஸ்டர் ரெனியின் ஆபீஸ் போனுக்கு அனுப்பினாள். இவர்கள் கத்தோலிக்கர் அல்ல, சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள் என்று தெரிந்தும் சிஸ்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று மாதம் வைத்துப் பார்த்தார். அதன்பின் புதன்கிழமைதோறும் கோயில் ஹாலில் குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் குழுவுக்கு ஜெபசிங் போய்வந்தார். அங்கே பேசுவது வெளியே போகாது என்பதுதான் முதல் விதி.

கோயில் ஆபீஸில் விழாக் கமிட்டிச் செயலாளர் சிபி இருந்தார்.

"அந்தப் படத்த யாருகிட்ட கேட்டு வச்சிய?"

"நல்ல காரியமல்லே சேச்சி? அது கண்டு நாலு பேர் திருந்தட்டும்."

"அதுக்கு எனக்க வீட்டுக்காரரயா ரோட்டுல தொங்க விடுவிய?"

"நம்மளாலதானே அவரு மனுஷனா ஆனது?"

"கை நடுங்கி, சோறு இறங்காம கெடந்தது அவரு. பக்கத்துல இருந்தது சிஸ்டரு. நீங்க ஒரு நாளாவது எட்டிப் பாத்தியளா சாரே? இப்ப மட்டும் 'நம்மளால'யா?"

சத்தம் கேட்டுச் சிஸ்டர் ரெனி ஓடி வந்தார். வாசலில் பிளெக்ஸைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"மையத்து போனை இங்கே வச்சிட்டுப் போனது என் தப்பு ஷிஜா, அதிலிருந்துதான் படத்தை எடுத்திருக்காங்க," என்றார். பிறகு சிபியிடம், "இப்பவே இறக்கணும்."

"ஃபாதர் சொல்லாம முடியாது சிஸ்டர். ஞாயிற்றுக்கிழமை மந்திரி வருவாரு."

ஷிஜா காத்திருக்கவில்லை. மேஜையிலிருந்த கத்தரிக்கோலையும் ஒரு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். சிஸ்டர் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, நான்கு கயிற்றையும் அறுத்தாள்.

அதற்குள் ஆரியசாலைக் கடைத்தெரு முழுக்கப் படம் போனில் சுற்றியிருந்தது. ஜெபசிங் அங்கே ஒரு மிளகாய் மொத்தக் கடையில் வேலை பார்த்தார். முதலாளி ஸ்ரீனிவாசன் திட்டவில்லை. ஜெபசிங்கிடம் இருந்த கிடங்குச் சாவியை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார், அவ்வளவுதான். ஜெபசிங் மதியமே வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தார்.

"குடிக்கணும்போல இருக்கு பிள்ளே."

ஷிஜா சிஸ்டரைக் கூப்பிட்டாள். குழுவைச் சேர்ந்த இரண்டு பேரோடு சிஸ்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார். பொழுது சாயும்வரை அவரைத் தனியே விடாமல் கூடவே இருந்தார்கள். அவர் குடிக்கவில்லை.

சனிக்கிழமை ஃபாதர் ஷிஜாவையும் ஜெபசிங்கையும் தம் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

"படத்த ரோட்டுல வச்சிய. மன்னிப்ப மட்டும் கதவ அடச்சிட்டுச் சொல்லுதியளே ஃபாதர்?" என்றாள் ஷிஜா.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஃபாதர் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மந்திரி வந்தார். சிபிக்குப் பொன்னாடை போர்த்தினார்.

அடுத்த புதன்கிழமை, வழக்கமாக வரும் பதினேழு பேரில் ஐந்து பேர்தான் வந்தார்கள். மற்றவர்களுக்குத் தங்கள் படமும் பிளெக்ஸில் ஏறிவிடுமோ என்று பயம். சிஸ்டர் வீடு வீடாகப் போனார். பகவதிப்பெருமாள் என்பவர் மறுபடி குடிக்கத் தொடங்கியிருந்தார். கதவைத் திறக்கவே இல்லை.

இப்போது கூட்டம் கன்னியர் மடத்தின் பின்னறையில் நடக்கிறது. போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஜெபசிங் ஒரு வாரமும் தவறுவதில்லை. மொத்தம் பதினொரு பேர் வருகிறார்கள். மீதி ஆறு பேர் என்ன ஆனார்கள் என்று சிபி இதுவரை கேட்கவில்லை.