பழப்புளி துலக்கிய ரிவால்வர்

பித்தளையைக் கண்டால் பழப்புளி தேடுகிற கை சிவாஜினியுடையது. யாழ்ப்பாணத்துக் கை; சிட்னிக்கு வந்து இத்தனை வருடமாகியும் திருந்தவில்லை. இல்லாவிட்டால், லைசன்ஸ் எடுத்துப் பரமட்டாவுக்குப் பக்கத்தில் துவக்குக் கடை, அதாவது துப்பாக்கிக் கடை, நடத்துகிற ஒருத்தி, விற்க வைத்த ரிவால்வரைக் குத்துவிளக்குப் போலப் புளி போட்டுத் தேய்ப்பாளா? தேய்த்தாளே.

அவள் வாங்கி விற்பது ஒரே வகைச் சாமான். பழைய காலத்து ரிவால்வர்களைப் பார்த்து இந்தக் காலத்தில் இத்தாலியில் செய்கிற நகல்கள். இவற்றுக்குத் தோட்டா கிடையாது. உருளையின் ஒவ்வொரு குழியிலும் கரிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து அமத்தி, பின்னால் தட்டினால் பொறி கக்குகிற சின்னத் தொப்பி மாட்டிச் சுட வேண்டும். நம்மூர்க் கட்டுத்துவக்கின் சீமைத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். துப்பாக்கி கிளப்பில் சுடுகிறவர்கள் அலுத்ததும் இவளிடம் தள்ளுவார்கள். இவள் துப்புரவாக்கிச் சோதித்து அடுத்தவருக்கு விற்பாள். "இதெல்லாம் ஒரு பொம்பிளை பாக்கிற வேலையோ" என்று மேய்ஸ் ஹில் கோயிலில் முகம் சுளித்தவர்கள்கூட இப்போது வாயை மூடிக்கொண்டுவிட்டார்கள்.

அந்த ஞாயிறு காலை மேசையில் கிடந்தது சிறிதரன் அங்கிளின் ரிவால்வர். சிறிதரன் அங்கிள்தான் அவளை முதன்முதலில் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், "இது என்ர பிள்ளை மாதிரி" என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்தவர். சுடுமிடத்தின் பாதுகாப்புக்குப் பொறுப்பும் அவர்தான். ஒரே மாதிரி ஒரு சோடி வைத்திருந்தார். ஒன்று போன மாதம் இவள் கடை வழியாகக் கிரெக் என்ற வெள்ளைக்காரருக்குப் போயிற்று. மற்றதை இவளே வாங்கினாள். இரண்டிலும் குழலைப் பார்த்தாள், விசையைப் பார்த்தாள். உருளையை மட்டும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. வேறு யாருடையது என்றாலும் பார்த்திருப்பாள். அங்கிள் தருகிற சாமானை அவர் கண் முன்னாலேயே நோண்டினால் அவர் என்ன நினைப்பார்? மரியாதையாம் மரியாதை. அந்த மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும்.

இன்றைக்கும் உருளையைக் கழற்றாமலே பித்தளைச் சட்டத்தில் புளியை அப்பிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனாள். வந்து கழுவினால் பித்தளை தங்கமாய் மின்னியது. ஆனால் புளித்தண்ணீர் வழிந்த இடமெல்லாம் உருளையின் கருநீலப் பூச்சுக் கரைந்து வெறும் இரும்பு பல்லைக் காட்டியது. "விசரி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகுதான் அந்தக் கோட்டைக் கண்டாள்.

ஒரு குழியின் சுவரில் மயிர் போல ஒரு கோடு. ஊசியால் கிளறினாள். ஈயம் மாதிரி ஏதோ பொருக்குப் பொருக்காய் உதிர, அடியில் வெடிப்பு. விரலால் தடவினால் அந்த இடம் புடைத்திருந்தது. வெடிப்பை அடைத்து, மேலே நீலப்பூச்சுத் தடவி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். கரிமருந்துக்கு இந்த இரும்பு இப்படிப் பிளக்காது. இந்தக் காலத்துத் துப்பாக்கிக்குப் போடுகிற வேகமான மருந்தை யாரோ இதில் போட்டிருக்கிறார்கள். அதைப் போடவே கூடாது என்று புதிதாய்ச் சேருகிற ஒவ்வொருவருக்கும் பாடம் எடுப்பவர் சிறிதரன் அங்கிள்.

சோடியில் மற்றதும் இப்படியென்றால்? கிரெக் ஞாயிறு தவறாமல் சுடுகிறவர். உருளை பிளந்தால் கை போகும், கண் போகும். விற்றது அவள் கடை.

கிரெக்குக்குப் போன் அடித்தாள்; எடுக்கவில்லை. கிளப்புக்கு அடித்தாள். எடுத்தது அங்கிளேதான்.

"அங்கிள், நீங்கள் தந்ததின்ர உருளை வெடிச்சிருக்கு. கிரெக் அங்க நிக்கிறாரோ? அவரைச் சுட விடாதேங்கோ."

"ஓம் ஓம், நான் பாக்கிறன். நீ ஏன் பதறுறாய்? பின்னேரம் வீட்ட வா, ஆறுதலாக் கதைப்பம்."

"நிப்பாட்டுவீங்களோ, மாட்டீங்களோ?"

"பாக்கிறன் எண்டு சொன்னனான்தானே பிள்ளை."

பாக்கிறன் என்று சொன்ன எந்த அங்கிள் எதைப் பார்த்திருக்கிறார்? அவள் உருளையைக் கழற்றித் துணியில் சுற்றினாள், மிச்சத்தைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினாள், கார்ச் சாவியை எடுத்தாள். புருசன் கௌரிசங்கர் வாசல் வரை வந்தான்.

"அந்த மனுசனோட கொளுவாத, சிவா. நாளைக்குக் கோயில்ல அவற்ர முகத்தில முழிக்க வேணும்."

"கை போன மனுசன்ர முகத்தில ஆர் முழிக்கிறது? நீங்களோ?" என்று கேட்டுவிட்டுக் காரை எடுத்தாள்.

வழியெல்லாம் கிரெக்குக்கு அடித்துக்கொண்டே போனாள். போய் இறங்கினால், வேலிக்கு அப்பால் கிரெக் வரிசையில் நின்று குழிகளில் குண்டை அமத்திக்கொண்டிருந்தார். நாலு அடி தள்ளி, சிவப்பு மேலங்கி போட்டுக்கொண்டு, குத்துக்கல்லாட்டம் சிறிதரன் அங்கிள். அவர் எதையும் பார்க்கவில்லை. பார்க்கப் போவதுமில்லை. இவளுக்கு வந்த கோபத்தில் கால் நிலத்தில் படவில்லை.

"சீஸ் ஃபயர்" என்று கத்தினாள். அதை யார் சொன்னாலும் எல்லோரும் நிறுத்தியாக வேண்டும். அது கிளப்பின் சட்டம். வரிசை முழுக்கத் துப்பாக்கிகள் மேசைக்கு இறங்கின. கிரெக்கும் தொப்பி மாட்டாமலே தன்னுடையதை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

சிவாஜினி துணியை விரித்து உருளையைக் காட்டினாள். "இது உங்களுடையதின் சோடி. சுடாதீர்கள்" என்றாள் ஆங்கிலத்தில். ஆட்கள் கூடினார்கள்.

அங்கிள் சிரித்தார். பூச்சுத்தான் கொஞ்சம் போயிருக்கிறது, இந்தப் பிள்ளைக்கு எப்போதும் அவசரம், கிரெக்கினுடையதில் ஒரு பிழையும் இல்லை என்று எல்லோருக்கும் கேட்க ஆங்கிலத்தில் சொன்னார்.

"அப்படியென்றால் முதல் வெடியை நீங்களே வையுங்கள்" என்றாள் அவள், அதே ஆங்கிலத்தில்.

அங்கிள் மேசையில் கிடந்த ரிவால்வரைப் பார்த்தார். கை நீளவில்லை. சிரிப்பு மட்டும் வாயில் ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு அவளுக்குக் கிட்ட வந்து, தமிழில், மெல்லச் சொன்னார்.

"ரெண்டிலயும் அந்த வேக மருந்தைப் போட்டனான் பிள்ளை. ஒரு நாள் கரிமருந்து முடிஞ்சு போச்சு, கொஞ்சம்தானே எண்டு போட்டன். ஒண்டு வெடிச்சுது, அதை நான்தான் அடைச்சுப் பூசினன். மற்றதில வெடிப்பு ஒண்டும் தெரியேல்ல, அதால பறுவாயில்லை எண்டு நினைச்சன். இப்ப பாத்திட்டுத் தாறன் எண்டு அதை வாங்கி வைக்கிறன். நமக்குள்ள முடிப்பம்."

என்ர பிள்ளை மாதிரி என்று சொன்ன அதே குரல். ஒரு கணம் அவளுக்கு இரக்கம் வந்தது, பொய் சொல்வானேன். ஆனாலும் அவள் அசையவில்லை.

"இதை இங்கிலீஷில சொல்லுங்கோ, அங்கிள்."

"இவ்வளவு சனத்துக்கு முன்னாலயோ? என்ர மானம் போயிடும்."

"போக இருந்தது அவற்ர கை. அவருக்கு விளங்கிற பாஷையில சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுறன். சோதிக்காமல் வித்தது நான் எண்டதையும் சேர்த்துச் சொல்லுறன்."

"என்ன சொல்கிறார்?" என்று கிரெக் கேட்டார். அவர் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

சிவாஜினி அங்கிளின் முகத்தையே பார்த்தாள். சிறிதரன் அங்கிள் தொண்டையைச் செருமினார், கிரெக்கின் பக்கம் திரும்பினார், ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார்.