தம்பி பங்குக்குப் போன கல்

பாகம் பிரித்தபோது, அந்த நெட்டைக் கல் நின்ற பாதியைத் தம்பி தலையில் கட்டியவர் பெரிய தச்சரேதான். "இடத்த அடைச்சிக்கிட்டு நிக்கிது, எனக்கெதுக்கு?" என்று சொன்ன வாயை இப்போது அவரே அடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆட்கள் நட்ட கல்லாம்! பார்க்க வருகிற கூட்டம் அப்படியே தம்பியிடம் ஸ்டூலும் அலமாரியும் செய்யச் சொல்லிவிட்டுப் போகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் அண்ணன் ஈ ஓட்டுகிறார். வயிறு எரியாதா?

எரிச்சலிலும் பெரிய எரிச்சல் கல்லில் இருந்த குழிக்கோடு. ஆராய்ச்சி அதிகாரி அதைத் தடவித் தடவிச் சொன்னார்: "ஆதி மனுஷன் ஆயுதம் தீட்டின தடம். கோடு சாயுறதப் பார்த்தா இடது கைக்காரன்."

ஆதி மனுஷனாவது, மண்ணாங்கட்டியாவது! பாகம் பிரிக்கும்வரை இருபது வருஷம் அதில் உளி தீட்டியவர் பெரிய தச்சர். தெருவிலேயே இடது கைக்காரர் அவர் ஒருவர்தான். தம்பிக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தும் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிப் பல்லிளித்துக்கொண்டு நின்றான். தன் உழைப்பில் அவன் பேர் வாங்குகிறானே என்று இவருக்குச் சோறு இறங்கவில்லை.

கல்லுக்குப் பக்கத்தில் அதிகாரி அறிவிப்புப் பலகை நடுகிற அன்று பொறுக்கமாட்டாமல் வேலியைத் தாண்டினார்.

"சார், அது ஆதி மனுஷனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இந்தப் பட்டறையில உளி தீட்டுன கோடு!"

அதிகாரியின் முகம் கறுத்தது. "இந்தக் கல்லுலயா? ஜெயிலுக்கே போகணும், தெரியுமா? யாருய்யா தீட்டினது?"

பெரிய தச்சர் வேலிப் பக்கம் ஒரு அடி பின்வாங்கினார். இதை அவர் யோசிக்கவே இல்லை.

"நான்தான் சார்" என்றான் தம்பி. பிறகு அண்ணன் பக்கம் சாய்ந்து, "இத்தனை நாள் எதுக்கு வாயத் தொறக்காம இருந்தேன்னு நினைச்ச? போண்ணே, வீட்டுக்குப் போ" என்றான்.

போனார். வேலி வரைக்கும் போனார். கல்லும் அவனுக்கு, பேரும் அவனுக்கு, இப்போது நல்லவன் பட்டமுமா அவனுக்கு? வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. கண்ணும் எரிந்தது.

திரும்பி வந்து தம்பியைத் தோளால் தள்ளினார். இடுப்பில் இருந்த உளியை உருவி, இடது கையால் அந்தக் கோட்டில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"இவனுக்கு உளி தீட்டவே வராது சார். இவன் உளியையும் நான்தான் தீட்டிக் குடுத்தேன். என் பேர எழுதிக்குங்க."