தாழிட்ட டிரையல் ரூம்

"தொண்டையில அடைச்சுக்கிட்டவங்க கத்தமாட்டாங்களாம். வெட்கப்பட்டு எழுந்து தனியாப் போயிடுவாங்களாம். அதான் ஆபத்தாம்."

"அப்போ என் முதுகுல குத்த உனக்கு லைசென்ஸ் கிடைச்சாச்சு, அப்படித்தானே?"

பள்ளிச் சமையலறை ஊழியர்களுக்கான முதலுதவி வகுப்பிலிருந்து வந்த அன்று அவளும் கணவனும் பேசிக்கொண்டது இது. அவன் சிரித்துக்கொண்டே கீழே தையல் கடைக்கு இறங்கிவிட்டான். அவள் கேட்க வந்தது அன்றும் பாதியில் நின்றது.

ஒன்பது வருடமாக இப்படித்தான். மாடியில் வீடு, கீழே கடை. சாப்பாட்டை டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்ப வேண்டும். ஒரு ஓரம் அடித்து முடித்து அடுத்த ஓரம் தொடங்குமுன் அவன் ஒரு கவளத்தைத் திணித்துக்கொள்வான். மேலே அவள், காலுக்கடியில் ஓடும் மெஷின் சத்தத்தோடு ஒற்றைத் தட்டில் சாப்பிட்டு முடிப்பாள். கேட்க வேண்டியதை, 'இந்த அவசர வேலை முடியட்டும்' என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

இன்று மதியம் பள்ளி வேலை முடிந்து வந்து அவள் சாப்பிட உட்கார்ந்ததும் மெஷின் சட்டென்று நின்றது. நூல் மாற்றுகிறானோ? மாற்றினாலும் அவன் பேச்சு ஓயாதே; இன்று அதுவும் கேட்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு இறங்கினாள்.

அளவு கொடுக்க வந்த ஒரு பெண்மணி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"அவரு எங்கக்கா?"

"டிரையல் ரூம்ல. வாயைப் பொத்திக்கிட்டு ஓடினாரு. தச்சுக்கிட்டிருந்த வெள்ளைக் கோட்டு மேல இருமிடக் கூடாதுன்னு போல."

"இருமல் சத்தம் கேட்டுச்சா?"

"இல்லையே..."

டிரையல் ரூமுக்கு ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தோளால் மூன்று முறை இடித்ததில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. அவன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"பேச முடியுதா?"

இல்லையென்று தலையசைத்தான்.

"தண்ணி குடும்மா, தண்ணி!"

"வேண்டாம்க்கா, வாயில எதையும் ஊத்தாதீங்க! ஆம்புலன்சைக் கூப்பிடுங்க!"

அவனை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டினாள். ஒன்றுமில்லை. பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை இழுத்தாள். மறுபடி முதுகு. மறுபடி வயிறு. அவன் கால் துவள்வதற்குள் ஒரு இறைச்சித் துண்டு தரையில் தெறித்தது. விசில் போன்ற சத்தத்தோடு மூச்சு வந்தது.

"கோட்டு... கோட்டு மேல படலையே?"

"எனக்கு வாயில நல்லா வருது!"

வயிற்றை அழுத்தியிருப்பதால் மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும் என்று, வந்த ஆம்புலன்சிலேயே இழுத்துப்போனாள். மருத்துவமனை பெஞ்சில் அவன் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்? நாலு மணிக்கு டெலிவரி."

"உட்காருங்க."

"மிச்சச் சாப்பாடு டப்பாவிலேயே கிடக்கு. போனதும் தச்சுக்கிட்டே அப்படியே..."

அவள் அந்த முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

"மேல வந்து என்கூட உட்கார்ந்து சாப்பிடுங்க. தினமும். என்னால தனியாச் சாப்பிட முடியலைங்க."