கடைசி அம்பு ஸ்டிக்கர்

என் வீட்டுக்காரர் இன்பராஜ், ஃபேக்டரியில் லைனை மூடி வேலை போன நாளிலிருந்து கட்டிலை விட்டு இறங்காமல் ஒரு சின்ன கம்ப்யூட்டரோடு குடும்பம் நடத்துகிறார். கீபோர்டை மாட்டினால் லேப்டாப், கழற்றினால் டேப்லெட். ஆம்பூரில் அவர் செக்கராக இருந்த ஷூ ஃபேக்டரியில், எத்தனை ஜோடி ரிஜெக்ட் என்று பதிய வைத்திருந்தது அது. லைனை மூடியபோது பழைய சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆளாளுக்கு ஃபேன், நாற்காலி என்று தூக்கிக்கொண்டு போனார்கள். என் ராஜா இதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆன் செய்தால் சோறு வடித்து இறக்கும்வரை விண்டோஸ் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்டேட் போட இடமில்லை என்று புலம்பும். "விண்டோஸ தூக்கிட்டு லினக்ஸ் போட்டா பறக்கும் பாரு சௌந்து," என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனுஷன் சுவரையே வெறித்துக்கொண்டிருப்பதற்கு இது தேவலை.

ஷூவில் குறை இருந்தால் செக்கர் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். சரிசெய்தபிறகு உரித்துவிடுவார்கள். வேலை போயும் அந்த ஸ்டிக்கர் சுருள் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. கம்ப்யூட்டரில் எது ஓடவில்லையோ அதன் பக்கத்திலெல்லாம் ஒன்று ஒட்டினார். அம்மை போட்ட பிள்ளை மாதிரி ஆயிற்று அது.

முதலில் லினக்ஸ் இருந்த பென் டிரைவையே அது கண்டுகொள்ளவில்லை. மெஷின் அறுபத்திநாலு பிட்டாம், அதை எழுப்புகிற புரோகிராம் மட்டும் முப்பத்திரண்டு பிட்டாம். அதற்கென்று ஒரு ஃபைலைத் தேடிப் போட்டார். பென் டிரைவைச் செருகினால் மவுஸுக்கு ஓட்டை இல்லை. அதற்கு ஒரு ஹப் வாங்கினார். எல்லாம் ஏறி முடிந்தால் ஸ்கிரீன் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. இவரும் ஒருக்களித்துப் படுத்தே அதைப் படித்தார். இந்தப் பக்கம் தொட்டால் அந்தப் பக்கம் திறந்தது. நான் தரையில் உட்கார்ந்து கான்ட்ராக்டர் கொடுத்த, ஷூவின் மேல்பாகமான அப்பர்களைத் தைத்துக்கொண்டே இந்தக் கூத்தையெல்லாம் பார்த்தேன். ஸ்கிரீன் நிமிர்ந்தது, ஒரு ஸ்டிக்கர் போயிற்று. வைஃபை வந்தது, இன்னொன்று போயிற்று. கடைசியில் ஸ்பீக்கர் பக்கத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. சத்தம் மட்டும் வரவில்லை. செட்டிங்ஸில் ஸ்பீக்கர் என்று வரவேண்டிய இடத்தில் 'டம்மி அவுட்புட்' என்று காட்டுகிறது என்றார்.

அதற்குள் ஜியாவுல்லா அண்ணன் வாணியம்பாடியில் ஒரு ஃபேக்டரியில் செக்கர் வேலை பேசி வைத்திருந்தார். இவரோடு ஒரே லைனில் இருந்த தோஸ்த். இவர் போகவில்லை. கேட்டால், "சவுண்டு வரட்டும், போறேன்," என்பார். "சவுண்டுக்கும் வேலைக்கும் இன்னாங்க சம்பந்தம்?" என்று கத்தினேன். "ஒரு வேலய பாதில உட்டுட்டுப் போக சொல்றியா?" என்றார். சர்ச்சில் மண்டி போட்டு, ஆண்டவரே, அந்த ஸ்பீக்கர் வாயைத் திறக்கட்டும் என்று ஜெபம் செய்த பெண் இந்தத் தாலுகாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை காலையில் அவர் குளிக்கப் போயிருந்தபோது ஜியா அண்ணன் போன் செய்தார்.

"தங்கச்சி, மேனேஜர்கிட்ட எத்தினி தடவதான் சொல்றது? இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள வந்து நின்னா போதும். இல்லன்னா வேற ஆள போட்டுருவாங்க. எனக்கே பேஜாரா இருக்கு."

"அனுப்பி வெக்கறேண்ணா," என்று வைத்தேன். கட்டிலில் அந்தச் சனியன் திறந்தே கிடந்தது. எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஆத்திரத்தில் எடுத்து, அவர் போகிற வழியிலேயே விரலை வைத்துக்கொண்டு போனேன். செட்டிங்ஸ். சவுண்டு. டம்மி அவுட்புட் என்று எங்கும் இல்லை. ஸ்பீக்கர் என்று இருந்தது. பக்கத்தில் வால்யூம் அடிமட்டத்தில் கிடந்தது. இழுத்துவிட்டு, டெஸ்ட் என்ற இடத்தைத் தொட்டேன்.

"ஃப்ரண்ட் லெஃப்ட்," என்றாள் ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஒருத்தி, பளிச்சென்று.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஸ்டிக்கரை உரித்து விரலில் வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. இந்தக் குரலை நான் முன்னமே கேட்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் இருந்தபோது இதே பெண், இதே இங்கிலீஷ். யாரென்று கேட்டதற்கு, "போன்ல வீடியோ பாக்கறேன்," என்றார். சத்தம் அன்றைக்கே வந்துவிட்டிருக்கிறது. வால்யூமை அடக்கிவிட்டு, ஸ்டிக்கரை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்.

அவர் கடைசியாக, குறையில்லை என்று பாஸ் பண்ணிய ஷூ லாட் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தது. அப்புறம்தான் லைனை மூடினார்கள். ஆர்டர் இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். இவர் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. நாலு நாள் முன்னால், நான் தைத்த அப்பர் ஒன்றைக் கொடுத்து, தையல் சரியா பாருங்கள் என்றேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை நடுங்கியது. "எனக்கு தெர்ல சௌந்து, நீயே பாத்துக்க," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன், பைத்தியக்காரி.

பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. இந்த ஸ்டிக்கரைக் காட்டினால் அவரால் மறுக்க முடியாது. சட்டை மாட்டிக்கொண்டு போவார். போய் லைன் வெளிச்சத்தில் அந்தக் கையோடு நிற்பார்.

வால்யூமைப் பழையபடி கீழே இழுத்தேன். ஸ்டிக்கரில் பசை கொஞ்சம் போயிருந்தது. ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன்.

துண்டோடு வந்தவர் முதலில் ஸ்டிக்கரைத்தான் பார்த்தார். பிறகு என்னை.

"இன்னா பண்றே?"

"சும்மா தொட்டுப் பாத்தேங்க. சவுண்டு வர்ல."

அவர் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. கட்டிலில் உட்கார்ந்து கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டார். "நான்தான் சொன்னேன்ல, அவ்ளோ லேசுல வராது," என்றார். திரும்பவும் போன் அடித்தது. ஜியா அண்ணன். நான் அதை எடுக்காமல், தைத்துக்கொண்டிருந்த அப்பரைத் தேடி எடுத்தேன்.