கூட்டம் இல்லாத பெயர்

யார் இது, ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டிக்கொண்டே போவது?

திரையில் ஊர்ந்த தேடலைப் பார்த்து லோகப்பிரியா மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். அவிநாசி ரோட்டில் வரன் பார்த்துத் தரும் இணையதளத்தின் அலுவலகம் அது. மூன்று லட்சம் பேர் புள்ளிகளாகவும் அவர்களின் உறவுகள் கோடுகளாகவும் பின்னிக் கிடந்த வலையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஒரே கூட்டத்தார், அதாவது ஒரே குலத்தார், அண்ணன் தங்கை முறை, கட்டக்கூடாது. அதனால் ஒவ்வொரு புள்ளியிலும் கூட்டத்தின் பெயர் ஒட்டியிருக்கும். அவள் கூட்டவாரியாகப் போட்ட இண்டெக்ஸ் என்ற பட்டியல் அதைப் பிடித்துக்கொண்டு நேரே ஆளிடம் போய் நிற்கும். கூட்டம் சொல்லாத தேடலோ மூன்று லட்சம் பேரையும் ஒவ்வொருவராக விசாரித்தாக வேண்டும்.

தினமும் காலை பதினொரு மணிக்கு அப்படி ஒரு தேடல் வந்தது. அக்ஷயா, சூலூர். அவ்வளவுதான். எல்லாக் கூட்டத்தின் இண்டெக்ஸிலும் அதைத் திருப்பிவிட்டுப் பார்த்தாள். நொடியில் பதில்: யாரும் இல்லை. பழையபடியே ஓடவிட்டாள். நாற்பது நொடி கழித்து ஒரு புள்ளி எழுந்தது. கூட்டம் இல்லை, ஒரு கோடும் இல்லை. குறிப்பில், 'சாதிக்கு வெளியே கட்டிக்கொண்டாள். தகப்பனார் சொற்படி நீக்கியது.'

தேடுவது, பழைய பதிவின்படி அக்ஷயாவின் அம்மாவான சென்னியம்மாளின் கணக்கு. அந்தப் பெயருக்கு எதிரே, போன தை மாதம் காலமானதாகப் பதிந்திருந்தது. வீட்டில் வேறு யாராவது போனை வைத்திருப்பார்கள் என்று எண்ணைப் போட்டுப் பார்த்தாள். அப்படி ஓர் எண்ணே உபயோகத்தில் இல்லை.

"ஏனம்மணி, இன்னுமா அதோட மல்லுக்கட்டறீங்க?" மேலாளர் தமிழ்ச்செல்வன் டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்றார். "கூட்டமில்லாத பேரு மொத்தமே அம்பது தேறாது. அழிச்சுப்போடுங்க, அப்புறம் எல்லாத் தேடலும் இண்டெக்ஸ்லயே போயிரும், சோலி முடிஞ்சுது."

"தேடறவங்க?"

அவர் திரையைப் படித்துவிட்டுச் சிரித்தார். "செத்தவங்க வந்து கம்ப்ளெயிண்ட் குடுக்கப் போறாங்களாக்கு?"

லோகப்பிரியா அந்தப் பெயர்களையெல்லாம் வரிசையில் எடுத்தாள். அழிக்கலாமா என்று திரை கேட்டது. அக்ஷயாவின் புள்ளியில் இப்போது ஒரு கோடு இருந்தது. மெல்லியது, சென்னியம்மாளின் புள்ளியிலிருந்து வந்தது. அதன்மேல் 'மகள்' என்றிருந்தது. பதிந்த நேரம் இன்று, பதினொன்று.

தகப்பன் அறுத்துவிட்டதை யார் இவ்வளவு பொறுமையாகக் கட்டுவது? பயத்தைவிட, குறுக்கே நின்றுவிடக்கூடாதே என்ற கூச்சம்தான் அவளுக்கு அதிகமாக இருந்தது.

"அமுக்குங்க கண்ணு. ஒரு பட்டன்தான?"

"வேண்டாங்க சார்," என்றாள் லோகப்பிரியா. கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மெதுவாவே தேடட்டுங்க."