வேகவைத்த நொதி

ஆண்டறிக்கை வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் மின்வேதியியல் சங்கத்தின் தலைமையகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். படிவத்தில் மொத்தம் பத்துக் கட்டங்கள். உயிர்மின்வேதியியல் பிரிவின் செயலாளர் புதன்கிழமையே ஒன்பதை நிரப்பிவிட்டாள். இரண்டு ஒருநாள் கூட்டங்கள், நான்கு இணையவழி உரைகள், மாணவர் முகாமுக்கான ஏற்பாடு, வெளியூர் மாநாடுகளுக்குப் போக பதினொரு மாணவர்களுக்குப் பயண உதவி, துருப்பிடித்தல் பிரிவோடு சேர்ந்து நடத்திய ஒரு கருத்தரங்கு. உறுப்பினர் எண்ணிக்கை முந்நூற்றுப் பன்னிரண்டு. போன வருடத்தைவிட நான்கு குறைவு. இரண்டு பேர் ஓய்வு, ஒருவர் மரணம், ஒருவர் கோபம். கோபத்துக்குப் படிவத்தில் இடம் இல்லாததால் 'பிற காரணங்கள்' என்று போட்டிருந்தாள்.

பத்தாவது கட்டம் 'இளம் ஆய்வாளர் பரிசு'. அதைத்தான் தொட முடியவில்லை.

காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி உட்கார்ந்தாள். பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடும் வேலையிலிருந்த கணவன் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீ சாப்பிடுறியா, இல்ல தட்டைச் சுத்தி வர்றியா?"

"பசிக்கல."

"நேத்தும் இதேதான் சொன்ன."

"அண்ணி ஒரு ரொட்டியையே ரெண்டு நாளா சாப்பிடுறாங்க," என்றாள் நாத்தனார். அவள் மருத்துவமனையில் செவிலி. அன்று காலை ஷிஃப்ட். காலணியை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அந்தப் பரிசு விஷயமா? இன்னும் யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொல்லணும்."

"யார்கிட்ட முதல்ல?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை.

நடந்தது இதுதான். அந்த ஆண்டுப் பரிசு சிட்டுக்குக் கிடைத்திருந்தது. சிட்டு என்பது பட்டப்பெயர். ஆள் சின்னது, கால் ஓர் இடத்தில் நிற்காது, வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறவள். உயிரணுவிலிருந்து எடுத்த ஒரு நொதியை மின்சாரம் கடத்தும் கரித்தாளில் பூசி, அதைச் சர்க்கரைக் கரைசலில் முக்கினால் மின்னோட்டம் கிடைக்கிறது. அதுவும் இதுவரை யாரும் காணாத அளவுக்கு. இதுதான் அவள் கண்டது. பரிசளிப்பு மேடையில் அவளை அழைத்ததே செயலாளர்தான். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

மாணவர் முகாமில் இந்தச் சோதனையையே செய்து காட்டலாம் என்று செயலாளர்தான் யோசனை சொன்னாள். சிட்டு மகிழ்ச்சியோடு ஒரு பெட்டி அனுப்பிவைத்தாள். அதில் கரித்தாள் பட்டைகள், கொஞ்சம் நொதி, சிறு குப்பிகளில் சர்க்கரைக் கரைசல். 'வேலை செய்யும் பட்டை, வேலை செய்யாத பட்டை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகளுக்குப் புரியும்' என்று செயலாளருக்குத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை மதியம் தன் ஆய்வகத்தில் நொதியில் பாதியை எடுத்துக் கொதிநீரில் பத்து நிமிடம் வைத்தாள். வெந்த நொதி செத்த நொதி. மின்னோட்டம் தரக் கூடாது. அதைப் புதிய பட்டையில் பூசி, கரைசலில் வைத்து, ஒரு சொட்டுச் சர்க்கரை விட்டாள்.

மின்னோட்டத்தைக் காட்டும் திரையில் கோடு ஏறியது. உயிருள்ள நொதிக்கு எவ்வளவு ஏறியதோ, ஏறத்தாழ அவ்வளவே.

மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் ஏறியது. அப்போதிருந்துதான் அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

பத்து மணிக்கு அலுவலகத்திலிருந்து பிரிவின் தலைவரை அழைத்தாள். அவர் கேட்டு முடித்துவிட்டு நீண்ட மூச்சு விட்டார்.

"இன்னைக்குத்தானா இதைக் கண்டுபிடிக்கணும்?"

"செவ்வாய்க்கிழமை சார்."

"ரெண்டு நாள் சும்மா இருந்தீங்கல்ல, இன்னொரு நாள் இருங்க. பரிசு கொடுத்தாச்சு. கொடுத்ததைத்தான் அறிக்கைல எழுதணும். சரியா தப்பாங்கறது அந்தப் பொண்ணு பாடு, அது கட்டுரையை வெளியிட்ட இதழ் பாடு."

"நம்ம தேர்வுக்குழுதானே சார் கொடுத்தது?"

"இங்க பாருங்கம்மா. நம்ம பிரிவைத் துருப்பிடித்தலோட சேர்த்துடலாம்னு மேல பேசிட்டு இருக்காங்க. இந்த வருஷம் எடுத்துக் காட்டுறதுக்கு நம்ம கையில இருக்கறது அந்த ஒண்ணுதான். பேரை எழுதி, படத்தை ஒட்டி, அனுப்பிட்டு நிம்மதியா இருங்க."

போனை வைத்தபின் அவள் இழுப்பறையைத் திறந்தாள். தேர்வுக்குழுவில் அவளும் இருந்தாள். சிட்டுவின் விண்ணப்பத்தின் நான்காம் பக்க ஓரத்தில் அவளுடைய பென்சில் எழுத்து: 'நொதியை வேகவைத்துப் பார்த்தார்களா?' அதன் மேல் அவளே இழுத்த கோடு. மறுநாள் தேர்வுக்குழுக் கூட்டம். எல்லாருக்கும் சிட்டுவைப் பிடித்திருந்தது. பதில் கேட்டு எழுதினால் ஒரு வாரம் போகும். அதனால் அடித்துவிட்டாள். அடித்தது அவளுக்கு மறக்கவில்லை. அடித்ததற்கு அன்று வருத்தப்படவில்லை என்பதுதான் இப்போது குத்தியது.

பதினொன்றரைக்குச் சிட்டுவை அழைத்தாள்.

"அக்கா! பெட்டி வந்துச்சா? பட்டையெல்லாம் உடையாம இருக்கா?"

"வந்துச்சு. நீ இன்னைக்கு இங்க வர முடியுமா?"

"நாளைக்கு நேர்காணல்கா. அந்த நிரந்தர வேலை. இன்னைக்கு முழுக்க அதுக்குத்தான் படிச்சிட்டு இருக்கேன். ஏன்கா, என்னாச்சு?"

செயலாளர் சொன்னாள். சிட்டுவின் குரல் மாறியது.

"நீங்க சரியா வேகவச்சிருக்க மாட்டீங்க."

"பத்து நிமிஷம், கொதிநீர்ல."

"பட்டையை மாத்தி எடுத்திருப்பீங்க. நானே வர்றேன். எதையும் தொடாதீங்க."

ஒன்றே கால் மணிக்கு வந்து சேர்ந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. பையைத் தரையில் போட்டு, கையுறை மாட்டி, தான் கொண்டுவந்த நொதியைத் தானே கொதிநீரில் வைத்தாள். பத்து நிமிடத்துக்குப் பதில் இருபது நிமிடம் வைத்தாள். அந்த இருபது நிமிடமும் ஆய்வகத்தின் இரு மேசைகளுக்கு நடுவே ஒருத்தி கிழக்கேயும் ஒருத்தி மேற்கேயும் நடந்தார்கள். எதிரெதிரே வந்தபோது இருவரும் ஒரே பக்கம் விலகி, மோதிக்கொள்ளப் பார்த்தார்கள். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம், வரவில்லை.

சர்க்கரைச் சொட்டு விழுந்தது. கோடு ஏறியது.

சிட்டு திரையை வெறித்தாள். "இன்னொரு பட்டை," என்றாள். அதுவும் ஏறியது. மூன்றாவதில் அவள் நொதியே பூசவில்லை, வெறும் கரித்தாள். அதுவும் ஏறியது.

"சர்க்கரையை மாத்திப் பாக்கலாமா? எங்க அலமாரியில புதுசா ஒரு புட்டி இருக்கு," என்றாள் செயலாளர்.

புதுச் சர்க்கரையைக் கரைத்து விட்டபோது வெறும் தாளில் கோடு அசையவே இல்லை. வெந்த நொதியிலும் அசையவில்லை. உயிருள்ள நொதியில் மட்டும் மெல்ல, கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் அளவுக்கு ஏறியது. கட்டுரையில் சொன்னதில் நாற்பதில் ஒரு பங்கு.

"அப்ப என் சர்க்கரையிலதான் ஏதோ இருக்கு." சிட்டு குப்பியை விளக்குக்கு நேரே தூக்கினாள். மங்கிய நீல மையில் 'ச + சி' என்று எழுதியிருந்தது. "எங்க உறைபெட்டியில எல்லாரும் அவங்கவங்க பேரோட முதல் எழுத்தைப் போட்டு வைப்போம். சர்க்கரை, சிட்டு. நான் சேர்ந்தப்பவே நூத்துக்கணக்குல இருந்துச்சு. எனக்காகத்தான் யாரோ பண்ணி வச்சிருக்காங்கன்னு…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"நீ சேர்றதுக்கு முன்னாடியே 'சி' போட்டிருந்துச்சா?" என்றாள் செயலாளர் மெதுவாக.

சிட்டு கைப்பேசியை எடுத்து, தனக்கு முன் அதே மேசையில் வேலை பார்த்துவிட்டு வெளிநாடு போயிருந்த ஒருவரை அழைத்தாள். ஒலிபெருக்கியில் அவர் குரல் உற்சாகமாக வந்தது.

"அந்தக் குப்பிங்களா? இன்னுமா வச்சிருக்கீங்க? சர்க்கரையும் வைட்டமின் சியும். உயிரணு வளர்க்கறதுக்குக் கலந்து வச்சது. தூக்கிப் போட்டுடும்மா, நாலு வருஷம் ஆச்சு!"

வைட்டமின் சி கரித்தாளில் தானாகவே மின்னோட்டம் தரும். அதற்கு நொதியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு சொட்டுச் சர்க்கரையோடும் ஒரு துளி வைட்டமின் விழுந்து, மூன்று வருடங்களாக அழகான கோடுகளை வரைந்து கொடுத்திருக்கிறது. சிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் கால்கள் ஆடாமல் இருந்ததைச் செயலாளர் அன்றுதான் பார்த்தாள்.

"ஒரு எழுத்துக்கா," என்றாள். "என் பேரோட முதல் எழுத்து."

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. சிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு மதியம் வரைக்கும் எதுவும் எழுதாதீங்க. நேர்காணல் முடியட்டும். அப்புறம் நானே இதழுக்கு எழுதறேன், பரிசையும் திருப்பிக் குடுத்துடறேன்."

"சரி," என்றாள் செயலாளர். யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது.

சிட்டு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். செயலாளர் தன் அறைக்குப் போய்ப் பத்தாவது கட்டத்தில் 'விவரம் பின்னர் அனுப்பப்படும்' என்று தட்டினாள். அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்தாள், எடுத்தாள். எழுந்து தண்ணீர் குடித்தாள். நாளைக்கு நேர்காணல் அறையில் ஐந்து பேர் சிட்டுவின் பரிசைப் பாராட்டுவார்கள், அவள் தலையாட்டுவாள், வேலை கிடைக்கும். அடுத்த வாரம் உண்மை வெளியே வரும்போது, தெரிந்தே தலையாட்டினாள் என்றுதான் ஊர் பேசும். இன்றைக்கு இருப்பது தவறு. நாளைக்கு அது வேறொன்றாகிவிடும். அந்த வேறொன்றுக்குச் 'சரி' சொன்னது யார்?

படியில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினாள். பேருந்து நிறுத்தத்தில் சிட்டு நின்றிருந்தாள்.

"நான் சரின்னு சொன்னது தப்பு," என்றாள் செயலாளர் மூச்சிரைக்க. "இன்னைக்கே எழுதப் போறேன். உன்கிட்டச் சொல்லாம எழுதக் கூடாதுன்னுதான் ஓடி வந்தேன்."

"ஒரு நாள்கா! ஒரே ஒரு நாள்!"

"அந்த ஒரு நாள்தான் உனக்கு ஆபத்து. நாளைக்கு அவங்க கேட்டா என்ன சொல்லுவ?"

"அது என் பிரச்சினை."

"என்னோடதும்தான். நொதியை வேகவச்சுப் பாத்தாங்களான்னு உன் விண்ணப்பத்துல நான் எழுதினேன். எழுதிட்டு நானே அடிச்சிட்டேன்."

சிட்டு அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"கேட்டிருந்தீங்கன்னா ஒரே வாரத்துல தெரிஞ்சிருக்கும். பரிசும் கிடையாது, மேடையும் கிடையாது, இப்ப இந்த அவமானமும் கிடையாது. உங்களுக்கு அப்ப அவசரம். இப்பவும் அவசரம். ரெண்டு தடவையும் உங்க அவசரத்துக்கு நான்தானா கிடைச்சேன்?"

பேருந்து வந்தது. சிட்டு ஏறிக்கொண்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.

அறைக்கு வந்தபோது ஒன்பது நிமிடம் மிச்சம் இருந்தது. பத்தாவது கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு எழுதினாள்: 'இவ்வாண்டு இளம் ஆய்வாளர் பரிசு வழங்கப்பட்டது. பரிசுக்குரிய முடிவு தவறு என்பதைப் பரிசு பெற்றவரும் செயலாளரும் சேர்ந்து இன்று செய்த சோதனையில் கண்டோம். நொதியை வேகவைத்துப் பார்த்தார்களா என்று தேர்வின்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைச் செயலாளர் எழுதி, பின் தானே நீக்கியதால் இது நேர்ந்தது.' மூன்று ஐம்பத்தேழுக்கு அனுப்பினாள். நிம்மதி வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அடுத்த நிமிடமே தலைவரை அழைத்துச் சொன்னாள். அவர் "எங்களை ஒரேயடியா கவுத்துட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டித்தார்.

மறுநாள் நேர்காணலில் சிட்டு உட்கார்ந்த மூன்றாவது நிமிடமே தானாக எல்லாவற்றையும் சொன்னாளாம். அறிக்கை அதுவரை யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை. குழுவில் ஒருவர் இருபது நிமிடம் அதைப் பற்றியே கேட்டாராம். வேலை வேறொருவருக்குப் போனது. சிட்டு பரிசைத் தபாலில் திருப்பி அனுப்பினாள். கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றது. ஐந்து வாரம் செயலாளரின் எந்தச் செய்திக்கும் பதில் இல்லை. ஆறாவது வாரம் ஒரு வரி வந்தது: 'நாற்பதில் ஒன்று இல்லை அக்கா, இப்போது இருபத்தெட்டில் ஒன்று.' செயலாளர் அதைப் படித்துவிட்டு அலுவலகத்திலேயே வாய்விட்டுச் சிரித்தாள்; அடுத்த அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

துருப்பிடித்தலோடு சேர்க்கும் பேச்சு ஒரு வருடம் தள்ளிப்போனது. அறிக்கையின் புண்ணியத்தால் அல்ல. முடிவெடுக்கும் கூட்டத்துக்குப் போதிய பேர் வரவில்லை. தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் மட்டும் வந்தது: பத்தாவது கட்டத்தில் எழுதியிருப்பது 'சாதனை'யா, 'பிற காரணங்களா' என்று தெளிவுபடுத்தவும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அந்த வரிகளைச் செயலாளர் எழுந்து நின்று வாசித்தாள். யாரும் கைதட்டவில்லை, யாரும் திட்டவுமில்லை. தலைவர் மேசைவிரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மறுவாரம் ஒருநாள் காலை போன் மணி அடித்தது. ஆறு வருடத்துக்கு முன் அதே பரிசை வாங்கியவர். இப்போது பெரிய ஆய்வகம் ஒன்றின் தலைமையில் இருக்கிறவர். நலம் விசாரித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், முகாம் எப்படி நடந்தது என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வாரமா சரியா தூக்கமே இல்லம்மா. என் பழைய நோட்டையெல்லாம் எடுத்துப் புரட்டிட்டு இருக்கேன். நானும் வேகவச்சுப் பாக்கலையோன்னு தோணுது."

செயலாளர் போனைப் பிடித்தபடியே எழுந்து நின்றாள். ஜன்னல்வரை போனாள், திரும்பினாள்.

"உங்ககிட்ட அந்த நொதி இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் இருக்கு."

"எடுத்துட்டு வாங்க," என்றாள். "தண்ணியை அடுப்புல வைக்கறேன்."